வந்தவர்கள் விரித்த இலை: சென்னையில் வெளியே உண்பது

சென்னையில் உணவகங்களைத் தேடித் தேடி உண்பவர்கள் வெகு விரைவில் கண்டுகொள்ளும் ஓர் உண்மை உண்டு: இந்நகரத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் உணவுகளுள் பெரும்பாலானவை இங்கே தோன்றியவை அல்ல. உணவகத்து இட்லியையும் மசாலா தோசையையும் உடுப்பிச் சமையற்காரர்கள் நிலைநிறுத்தினார்கள். பிரியாணி ஆம்பூரிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்தது. மிளகு மணக்கும் கோழி வறுவல் செட்டிநாட்டுப் பெயரோடு வந்தது. பாரிமுனையின் அத்தோ என்னும் நூடுல்ஸ் உணவைப் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஆகையால், சென்னையில் எந்த உணவகம் சிறந்தது என்று கேட்பவரைவிட, இந்தச் சமையலை யார் இங்கே கொண்டுவந்தார்கள், அவர்களுடைய அடுப்பு எந்த நேரத்தில் நன்றாக எரிகிறது என்று கேட்பவரே நன்றாக உண்கிறார்.

வெளியே உண்பது இன்று பொழுதுபோக்காகக் கருதப்பட்டாலும், நூறாண்டுகளுக்கு முன் அது பலருக்குக் கூச்சம் தரும் செயலாகவே இருந்தது. யார் சமைத்தார், யார் பரிமாறினார், பக்கத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளும் சாதியோடு பின்னிக் கிடந்த காலத்தில், வழிப்போக்கர்கள் சத்திரங்களையும் உறவினர் வீடுகளையுமே நம்பியிருந்தார்கள். வேலை தேடியும் படிப்பைத் தேடியும் நகரத்துக்கு வந்த இளைஞர்களுக்காகத் தோன்றிய ‘காபி கிளப்’ எனப்பட்ட சிற்றுண்டிச்சாலைகள் இந்தத் தயக்கத்தைப் போக்கின என்றாலும், சாதியை அவை வாசலில் நிறுத்திவிடவில்லை. பிராமணர் சமைப்பது என்ற அறிவிப்பே ஓர் உத்தரவாதமாகப் பலகைகளில் எழுதப்பட்டது. பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் வழக்கமும் இருந்தது. ரயில் நிலைய உணவகங்களில் இந்தப் பிரிவினை 1941-ல்தான் நீங்கியது. விடுதலைக்குப் பிறகும், 1957-ல், திருவல்லிக்கேணியில் ‘பிராமணாள்’ என்ற சொல்லைப் பெயர்ப் பலகையில் தாங்கியிருந்த முரளி கபேயின் முன்னால் பெரியாரின் திராவிடர் கழகத்தார் நாள்தோறும் மறியல் செய்து கைதாக வேண்டியிருந்தது. சென்னையின் உணவகங்களைப் பற்றி எழுதுவோர் நெய்யின் மணத்தையும் காபியின் நுரையையும் மட்டும் நினைவுகூர்ந்துவிட்டு இந்த வரலாற்றைத் தாண்டிச் செல்வது வழக்கமாகிவிட்டது. ஒரே மேசையில் அறிமுகமற்ற நால்வர் அமர்ந்து உண்பது எவ்வளவு போராடிப் பெற்ற நிலை என்பது அதனால் மறைந்துபோகிறது.

இந்நகரத்தின் சைவச் சிற்றுண்டிக்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்ததில் உடுப்பிக்காரர்களின் பங்கு மிகப் பெரியது. கர்நாடகக் கடற்கரையிலுள்ள உடுப்பியின் கிருஷ்ணர் கோயிலையும் அதைச் சூழ்ந்த மடங்களையும் ஒட்டி வளர்ந்த சமையல் மரபில் தேர்ந்தவர்கள், இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் தென்னிந்திய நகரங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றார்கள். அவர்களுள் ஒருவரான கே. கிருஷ்ண ராவ், எளிய குடும்பத்தில் பிறந்து, சென்னை உணவகங்களில் கீழ்நிலை வேலைகளைப் பார்த்து முன்னேறி, 1938-ல் ராயப்பேட்டையில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து உட்லண்ட்ஸ் உணவகத்தைத் தொடங்கினார். 1962-ல் கதீட்ரல் சாலையில் உருவான உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காரிலிருந்து இறங்காமலே சிற்றுண்டி உண்ணும் வழக்கத்தை இந்நகரத்துக்கு அறிமுகப்படுத்தியது. மரநிழலில் நின்ற கார்களின் கதவுகளில் தட்டுகளை மாட்டிப் பரிமாறிய அந்த இடம் 2008-ல் மூடப்பட்டு, 2010-ல் செம்மொழிப் பூங்காவாக மாறியது. அதன் வாடிக்கையாளர்களுள் கார் இல்லாதவர்களும் ஏராளம். ஒரு காபியை வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தவர்களை யாரும் எழுப்பிவிடாத உணவகம் அது. மேசை காலியாவதை எதிர்பார்த்து முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நிற்கும் இன்றைய கூடங்களில் அந்தத் தாராளத்தைக் காண்பது அரிது.

உடுப்பிக்காரர்கள் விட்டுச்சென்ற மற்றொன்று நேர ஒழுங்கு. சென்னையின் பழைய சைவ உணவகங்களில் நண்பகலில் தோசை கேட்பவருக்கு இல்லை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். வெளியூரார் இதைப் பிடிவாதமாகக் கருதினாலும் இதற்குத் தெளிவான காரணம் உண்டு. பிற்பகலில் ஆட்டப்படும் மாவு இரவு முழுவதும் புளித்து விடியற்காலையில் பதத்துக்கு வருகிறது. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்க, உளுந்தின் வழுவழுப்பு அந்த வாயுவை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கிறது. இட்லியின் மென்மை அதிலிருந்து வருகிறது. சென்னையின் வெப்பத்தில் இந்தப் பதம் நெடுநேரம் நிற்பதில்லை. காலை ஏழு மணிக்கு இட்லியாக மலர்ந்த மாவு, மாலைக்குள் புளிப்பேறி ஊத்தப்பத்துக்கே ஏற்றதாகிவிடுகிறது. இடைப்பட்ட நண்பகலில் ஆட்களும் அடுப்புகளும் சாப்பாட்டுப் பந்திக்குத் தேவைப்படுவதால் தோசைக்கல் ஓய்வெடுக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் மாவை நிறுத்திவைத்து எந்நேரமும் எல்லாமும் தரும் உணவகங்கள் பெருகியிருப்பது வாடிக்கையாளருக்கு வசதிதான். ஆனால் குளிரில் கிடந்த மாவின் இட்லிக்கும் பதத்தில் ஊற்றிய இட்லிக்கும் உள்ள வேறுபாட்டை நாக்கு அறிந்தவர்கள் இன்னமும் காலை எட்டு மணிக்கு முன்பே கிளம்புகிறார்கள்.

அப்படிக் கிளம்புகிறவர்களுள் பலர் மயிலாப்பூர் அருண்டேல் தெருவில் உள்ள ராயர் மெஸ்ஸில் காத்து நிற்பதைக் காணலாம். மெஸ் என்பது, ஒரு குடும்பம் தன் வீட்டுச் சமையலைச் சற்றே விரித்துச் சிலருக்கு விற்பதாகத் தொடங்கிய சிறு உணவகத்தைக் குறிக்கும். சில மேசைகள், சில பண்டங்கள், காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் என்ற அளவோடு தலைமுறைகளைக் கடந்துவிட்ட இடம் இது. தேங்காயும் பச்சை மிளகாயும் சேர்த்து நீர் விடாமல் அரைத்த கெட்டிச் சட்னி இங்கே பெயர் பெற்றது. பட்டியலைச் சுருக்கமாக வைத்திருக்கும் கடைகளை நம்பலாம் என்ற பொதுவிதிக்கு ராயர் மெஸ் நல்ல சான்று: நான்கைந்து பண்டங்களை மட்டும் செய்பவருக்கு நேற்றைய மிச்சம் என்று ஒன்று இருக்க வாய்ப்பில்லை.

திருவல்லிக்கேணி ரத்னா கபே வேறொரு வகை. 1948-ல் தொடங்கப்பட்ட இந்த உணவகத்துக்கு இரண்டு இட்லிகளைச் சாம்பாரில் மூழ்கடித்துத் தருவதே அடையாளம். இட்லி தெரியாத அளவுக்கு ஊற்றிய பிறகும் சர்வர் சாம்பார் வாளியோடு திரும்பி வருவார். வேண்டாம் என்று சொல்வோர் அங்கே குறைவு. தமிழ்நாட்டின் புகழ்பெற்ற சாம்பார்களுள் ஒன்றாகிய இதைத் தொடங்கியது வட இந்தியாவின் மதுராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் என்பது சென்னையின் உணவு வரலாற்றுக்கு முற்றிலும் பொருத்தமான செய்தி. சாம்பாரில் ஒரு துண்டு வெல்லம் சேர்ப்பது உடுப்பி வழக்கம். புளியையும் துவரம்பருப்பையும் முன்னிறுத்துவது தமிழ்நாட்டு வழக்கம். நகரத்துச் சாம்பார்களைத் தொடர்ந்து சுவைப்பவர் ஒவ்வோர் உணவகத்திலும் இவ்விரண்டும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதைக் கொண்டே அதன் வமிசத்தைக் கணித்துவிடுவார்.

திருவல்லிக்கேணியில் சாப்பாடு மெஸ்கள் பெருகியதற்கு அங்குள்ள மேன்ஷன்களே காரணம். மேன்ஷன் என்பது தனியாக வாழும் ஆண்கள் மாத வாடகைக்குத் தங்கும் பல அறைகள் கொண்ட விடுதி, சமையலறை கிடையாது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விற்பனைப் பிரதிநிதி, திரைப்பட வாய்ப்புத் தேடுபவர் என இவற்றில் தங்கியவர்களுக்கு நாள்தோறும் ஒத்துக்கொள்ளும் சாப்பாடு தேவைப்பட்டது. நாள்தோறும் உண்பதற்கான சமையல் வேறு, நாவுக்கு விருந்தாக்கும் சமையல் வேறு. காரமும் எண்ணெயும் அடங்கிய குழம்பு, ஒரு பொரியல், ஒரு கூட்டு, ரசம், மோர் என்ற மெஸ் சாப்பாடு முதல் நாளில் யாரையும் மயக்குவதில்லை. முப்பதாம் நாளிலும் திகட்டாமல் இருப்பதே அதன் தகுதி. அக்பர் சாகிப் தெருவின் காசி விநாயகா மெஸ்ஸில், பணம் கட்டி டோக்கன் வாங்கி, தம் முறை வரும்வரை காத்திருந்து, இலைக்கு முன் அமர்ந்ததும் பேச்சைக் குறைத்து உண்டு எழுவது எழுதப்படாத ஒழுங்கு. வயிறு நிறையும்வரை சோறு இடப்படும் சாப்பாட்டை முழுச் சாப்பாடு என்றும், குறிப்பிட்ட கிண்ணங்களோடு முடிவதை அளவுச் சாப்பாடு என்றும் உணவகங்கள் பிரிக்கின்றன. இரண்டாம் முறை குழம்பு கேட்கும் சுகம் அறிந்தவர்கள் அளவுச் சாப்பாட்டின் பக்கம் போவதில்லை.

அதே வட்டாரத்தில், சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு அருகே ஒரு குறுகிய தெருவில், 1961 முதல் நாயர் மெஸ் நடந்துவருகிறது. பெயரிலேயே மலையாளத் தொடர்பைத் தாங்கிய இந்த மெஸ்ஸில் சோற்றைவிட மீனுக்காக வருபவர்களே மிகுதி. வஞ்சிரம் வறுவல் தீர்ந்த பிறகு வந்து சேர்பவர், எத்தனை மைல் கடந்து வந்திருந்தாலும், பாதிப் பயனையே அடைகிறார்.

அசைவ உணவகங்களைப் பழைய சென்னையில் ‘மிலிட்டரி ஓட்டல்’ என்று அழைத்தார்கள். சில கடைகள் இன்னும் அப்பெயரை விடவில்லை. சைவ உணவகங்களுக்குக் கிடைத்த குடும்ப மரியாதை இவற்றுக்குத் தாமதமாகவே கிடைத்தது. ராயப்பேட்டையில் 1950களிலும் 1960களிலும் தொடங்கிய பொன்னுசாமி, அஞ்சப்பர் போன்ற உணவகங்கள் வளர்ந்த பிறகு, வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் வந்து அசைவம் உண்ணும் வழக்கம் பரவியது. செட்டிநாட்டுச் சமையலின் முகவரியாக அறியப்படும் கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ ஆகியவற்றை நகரம் அறிந்தது இத்தகைய உணவகங்களின் வழியாகத்தான். கல்பாசி என்பது பாறைகளிலும் மரங்களிலும் படரும் லைக்கன் என்னும் உயிரினத்தை உலர்த்தி எடுத்த மசாலாப் பொருள். சூடான எண்ணெயில் விழும்போதுதான் அதன் மணம் எழுகிறது. ஆனால் செட்டிநாடு என்ற பெயர் இன்று காரம் மிகுந்த எந்தக் குழம்புக்கும் ஒட்டப்படும் முத்திரையாகிவிட்டது. காரைக்குடிப் பகுதி வீடுகளில் உண்டவர்களுக்கு அங்கே காரத்தைவிட மணமே முன்னிற்கும் என்பது தெரியும். நகரத்துச் சமையலறைகள் மிளகாயைக் கூட்டி அந்த மணத்தை இழந்துவிட்டன.

1951-ல், கொழும்பிலிருந்து வந்த ஏ.எம். புஹாரி அண்ணா சாலையில் திறந்த புஹாரி ஓட்டல், பிரியாணியையும் இஸ்லாமியச் சமையலின் பிற வகைகளையும் அனைவருக்கும் உரிய பொது உணவாக்கியது. இன்று நாடு முழுவதும் தள்ளுவண்டி முதல் நட்சத்திர விடுதிவரை கிடைக்கும் சிக்கன் 65-இன் பெயருக்கு எத்தனையோ கதைகள் உலவுகின்றன: கோழியின் வயது, துண்டுகளின் எண்ணிக்கை, மிளகாயின் எண்ணிக்கை என்று. இவற்றுள் நம்பத்தக்கது, 1965-ல் இந்த உணவகத்தின் பட்டியலில் இடம்பெற்றதால் அப்பெயர் வந்தது என்பதே. பின்னாளில் 78, 82, 90 என்ற ஆண்டு எண்களோடும் கோழி வகைகளை அதே உணவகம் அறிமுகப்படுத்தியது இதற்குத் துணை நிற்கிறது.

பிரியாணியில் சென்னைக்கு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. ஆற்காட்டு நவாபுகளின் அடுப்படியோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஆம்பூர் பிரியாணி, வற்றல் மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதின் நிறத்தோடு, புளிப்பான கத்திரிக்காய்த் தொக்கைத் துணையாகக் கொண்டு வருகிறது. 1957-ல் திண்டுக்கல்லில் தொடங்கிய தலப்பாக்கட்டியின் வகை, சிறிய மணிகளாலான சீரகச் சம்பா அரிசியும் சிறு இறைச்சித் துண்டுகளும் மிளகின் உறைப்பும் கொண்டது. மூன்றாவது, முஸ்லிம் திருமணங்களில் விறகடுப்பில் அண்டா வைத்துச் சமைக்கப்படும் பாஸ்மதி பிரியாணி. நகரத்துச் சிறு கடைகள் பலவும் இதையே பின்பற்றுகின்றன. மூன்றுக்கும் பொதுவானது தம்: அண்டாவின் வாயை இறுக மூடி, மூடியின் மேலும் தணலைக் குவித்து, உள்ளே தங்கிய ஆவியிலேயே அரிசியை முழுப் பதத்துக்குக் கொண்டுவரும் முறை. தம் உடைக்கப்படும் நேரம் பெரும்பாலும் நண்பகலுக்குச் சற்று முன். அந்நேரத்தில் கடைக்குச் சென்றவர் மேற்பகுதியின் மணத்தைப் பெறுகிறார். மூன்று மணிக்குச் செல்பவருக்கு அடியின் எண்ணெயும் உடைந்த துண்டுகளும் மிஞ்சுகின்றன. இறைச்சித் துண்டு இல்லாத பிரியாணிச் சோறாகிய குஸ்காவைக் கேட்டுப் பார்ப்பது கடையை எடைபோட நல்ல வழி, ஏனெனில் துண்டுகள் இல்லாதபோது சோற்றின் குறைகளுக்கு ஒளிய இடமில்லை.

வடசென்னைக்குள் நுழையும் உணவு விரும்பி வேறொரு நகரத்துக்கு வந்துவிட்டதாகவே உணர்வார். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, வணிகங்கள் அரசுடைமையாக்கப்பட்டபின், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பெருந்திரளாகத் தாயகம் திரும்பினார்கள். துறைமுகத்துக்கு எதிரே அவர்களுக்காக அமைந்த பர்மா பஜாரை அனைவரும் அறிவர்; அதன் பின்புறமுள்ள செகண்ட் லைன் பீச் பகுதியின் தள்ளுவண்டிகளில் மாலைதோறும் கலக்கப்படும் அத்தோவை அறிந்தவர் அவ்வளவு பேர் இல்லை. அவித்த நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளிக்கரைசல், கடலை மாவு, மிளகாய்த் தூள், பூண்டெண்ணெய் ஆகியவற்றைக் கிண்ணத்தில் இட்டுக் கையாலேயே பிசைந்து தருவது அத்தோ. அதனோடு தரப்படும் வாழைத்தண்டு சூப், பர்மியர்களின் மொஹிங்கா என்னும் மீன் குழம்பின் வழி வந்தது. இங்கே பெரும்பாலும் மீனில்லாமல் மாறியிருக்கிறது. அவித்த முட்டையைப் பிளந்து வறுத்த வெங்காயமும் புளிநீரும் திணித்துத் தரும் மசாலா முட்டையை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்; கடித்துச் சாப்பிட முயல்பவரின் சட்டை கெடும். அகதிகளாக வந்திறங்கியவர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைகள் இவை என்பதை நினைக்கும்போது, நகரத்தின் எந்தச் சொகுசு விடுதியின் உணவைவிடவும் வரலாற்றுக் கனம் மிக்கது இந்தக் கிண்ணம்.

சற்றே மேற்கே சௌகார்பேட்டையில் குஜராத்திகளும் மார்வாரிகளும் நடத்தும் வணிகத் தெருக்களை ஒட்டி இன்னொரு சமையல் வளர்ந்தது. மின்ட் தெருவின் காக்கடா ராம்பிரசாத் கடையில் நெய்யில் பொரிந்த ஜிலேபியும் சுண்டக் காய்ச்சிய பாதாம் பாலும் கிடைக்கின்றன. அதே வட்டாரத்தில் சீனா பாய் கடையின் இட்லியும் ஊத்தப்பமும் நெய்யிலும் பொடியிலும் புரண்டு வருகின்றன. வடக்கும் தெற்கும் கலந்ததன் விளைவாக இங்கே பிறந்த முறுக்கு சாண்ட்விச்சில் ரொட்டிக்குப் பதில் முறுக்குகளே இருபுறமும் நிற்க, நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி, வெண்ணெய் ஆகியவை சேர்கின்றன. முறுக்கு நமத்துப்போகும் முன் உண்டுவிட வேண்டும்.

இந்த இடங்களுக்கெல்லாம் நேரில் செல்ல வேண்டியிருப்பதை ஒரு சுமையாகக் கருதும் தலைமுறை உருவாகியுள்ளது. கைப்பேசியில் ஆணையிட்டால் அரை மணியில் வாசலுக்கு வரும் பொட்டலம் பிரியாணிக்கும் சாதங்களுக்கும் ஓரளவு நியாயம் செய்கிறது. தோசைக்கு அது பகை. கல்லிலிருந்து எடுத்த சில நிமிடங்களில், மடிப்புக்குள் அடைபட்ட ஆவி மொறுமொறுப்பைக் குலைத்துவிடுகிறது. டப்பாவில் வந்து சேரும் தோசை பெயரளவில்தான் தோசை. காபியும் அப்படித்தான். சிக்கரி கலந்த தூளில் சொட்டுச் சொட்டாக இறங்கிய டிகாக்‌ஷனைக் கொதிக்கும் பாலோடு சேர்த்து டபராவில் ஆற்றி உடனே குடிக்க வேண்டியதை, காகிதக் கோப்பையில் மூடி போட்டு ஊர் சுற்றவைப்பது வீண்செயல்.

பில்லைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 விழுக்காடு. சேவைக் கட்டணம் என்று தனியே சேர்க்கப்படுவது வரி அன்று. உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. நீக்கச் சொல்லும் உரிமை உண்பவருக்கு உண்டு. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மறுபுறம், வெளியே உண்பது பணம் படைத்தவருக்கு மட்டும் உரியதாகிவிடாமல் தடுத்ததில் 2013-ல் சென்னை மாநகராட்சி ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கிய அம்மா உணவகங்களுக்குப் பங்குண்டு. சுமைத் தொழிலாளரும் மருத்துவமனைக்கு வந்த உறவினரும் அங்கே நிற்கும் வரிசையை, உணவக விமர்சனம் எழுதுவோர் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்றைய சென்னை உணவகங்களின் அடுப்படியில் நிற்பவர்களுள் கணிசமானோர் அசாம், ஒடிசா, மேற்கு வங்கம், நேபாளம் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள். தோசை வார்ப்பவரும் பரோட்டா வீசுபவரும் மேசை துடைப்பவரும் அவர்களே. உடுப்பியிலிருந்து வந்தவரின் சமையல் உணவகமாயிற்று. பர்மாவிலிருந்து வந்தவரின் சமையல் தள்ளுவண்டியாயிற்று. ஆனால் இன்று அடுப்படியில் நிற்கும் இவர்களுடைய சமையலுள் மோமோ ஒன்றுதான் இதுவரை நகரத்தின் நாவை எட்டியிருக்கிறது. அசாமியரின் புளிப்பான மீன் குழம்பும் ஒடியர்களின் பகாளா எனப்படும் பழைய சோறும் அவர்கள் தங்கும் அறைகளிலேயே சமைக்கப்பட்டு அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. புறநகர்த் தொழிற்பேட்டைகளை ஒட்டி இவர்களுக்காகவே சில சிறு கடைகள் தோன்றத் தொடங்கியுள்ளன. பெயர்ப் பலகைகூடச் சரியாக இல்லாத அந்தக் கடைகளுக்குள் உணவு விரும்பிகள் இப்போதே நுழைந்து பார்ப்பது நல்லது.